நிரையில் ஒரு ஆள் இடம்

மகள்,

ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு தகப்பன் மகளுக்குக் கடிதம் எழுதுகிறான் என்று கேள்விப்பட்டால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். நேற்று மைதானத்தில் நான் ஆடிய ஆட்டத்துக்குச் சிரித்தவர்கள் இதற்கும் சேர்த்துச் சிரித்து முடிக்கட்டும். உன்னோடு முகம் பார்த்துப் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம் வீட்டுப் பேச்சு எப்படிப் போகும் என்று உனக்கும் தெரியும். நான் தொண்டையைச் செருமுவதற்குள் எனக்குக் கோபம் வந்துவிடும். நீ குசினிக்குள் போய்ச் சட்டிபானையை உருட்டுவாய். அம்மா நடுவில் வந்து தேத்தண்ணி ஊற்றுவாள். அதைக் குடித்த பிறகு ஒருவரும் ஒன்றும் பேசமாட்டோம். இத்தனை வருஷமும் இந்த வீட்டில் பேசவேண்டியதெல்லாம் அப்படித் தேத்தண்ணியோடு போனதுதான். அதனால் எழுதுகிறேன். வாசித்துவிட்டு உன் பாண்ட் வாத்தியப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு. ஊரில் யார் கேட்டாலும் கொடு. எல்லாரும் அறியவேண்டிய கதை என்பதால் உனக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்லப் போகிறேன். அலுத்துக்கொள்ளாதே.

நேற்றில் இருந்தே தொடங்குகிறேன். சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒத்திகை. மன்னார் மைதானத்தில் ஆமி பாண்ட் ஒரு பக்கம், பொலிஸ் ஒரு பக்கம், நம் பள்ளிக்கூட பாண்ட் ஒரு பக்கம். வாடைக்காற்று மண்ணை வாரி எறிகிறது. நடுவில் இரண்டு கழுதைகள் யாருடைய கட்டளைக்கும் பணியாமல் குறுக்கே போகின்றன. நான் வழமைபோல மதிலோரம் கதிரை போட்டு இருந்தேன். நீ பாண்டுக்குப் பொறுப்பான நாளில் இருந்து ஒரு ஒத்திகையும் நான் தவறவிட்டதில்லை. ‘எங்கட அப்பாவுக்கு பாண்ட் பைத்தியம்’ என்று நீ உன் சிநேகிதிகளுக்குச் சொல்லிச் சிரிப்பதும் எனக்குத் தெரியும். அது எப்படிப்பட்ட பைத்தியம் என்று பிறகு சொல்கிறேன்.

அந்த ஆமி பாண்டின் சார்ஜன்ட் நல்ல பொடியன். பொய் சொல்லக்கூடாது. நம் பிள்ளை ஒன்றின் ட்றம் தோல் தளர்ந்திருந்ததைக் கண்டு, தானாகவே வந்து குந்தியிருந்து இறுக்கிக் கொடுத்தான். பிறகு எழும்பி நம் நிரைகளை ஒரு பார்வை பார்த்தான். சைட் ட்றம் நிரையில் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் வெறுமையாக இருந்தது. “மிஸ், அந்த எடம் காலி. மூடுங்க. லைன் அழகு இல்ல,” என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த இடம் காலியான நாளில் அவன் தெற்கில் எங்கேயோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பான். நீ ஒரு கணம் யோசித்தாய். நான் இருந்த பக்கம் நீ திரும்பிப் பார்க்கவில்லை. ஓரத்தில் ட்றம்மோடு நின்ற புவனாவைக் கூப்பிட்டு அந்த இடத்தில் நிறுத்தினாய். உன் அண்ணன் யூட்டின் இடத்தில்.

பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். யூட் இந்தப் பாண்டில் சைட் ட்றம் அடித்தவன். அப்போது இது கோயில் பாண்ட். பெரியவர்களும் பொடியன்களும் கலந்து நடப்போம். பெருநாளில் புனிதரின் சுரூபம் ஊர்வலமாக வெளியே வரும்போது முன்னால் போவோம். நான் பெரிய ட்றம். யூட்டின் நேர் பின்னால் என் இடம். அவனுடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் நடந்தேன். அவனைப் பிடித்துக் கொண்டுபோன பிறகு வந்த முதல் பெருநாளில் பாண்ட் கூடியது. அந்த வருஷம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எல்லாரும் தங்கள் தங்கள் இடத்தில் நின்றார்கள். யூட்டின் இரண்டு பக்கமும் நிற்கிற பொடியன்கள் நெருங்கி வரவில்லை. எங்களைப் பழக்கிய மரியதாஸ் மாஸ்டர் வந்து நிரையைப் பார்த்தார். மனுஷன் பொலிஸ் பாண்டில் இருந்து பென்ஷன் எடுத்தவர். நிரையில் ஒரு விரற்கடை பிசகினாலும் கத்துவார். அன்றைக்கு வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டு, “குவிக் மார்ச்” என்று மட்டும் சொன்னார். அப்படித் தொடங்கியதுதான்.

அன்றில் இருந்து ஒவ்வொரு பெருநாளிலும் அந்த வெறும் இடத்தின் பின்னால் நான் ட்றம் அடித்துப் போனேன். யூட்டுக்கு எப்போதும் ஒரு அவசரம் இருந்தது. உருட்டலை மற்றவர்களை விட ஒரு மயிரிழை முந்தித் தொடங்குவான். மாஸ்டர் எத்தனையோ தரம் பேசியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவன் இல்லாத பாண்டிலும் அந்த முந்தல் எனக்குக் கேட்டது. மற்றக் குச்சிகள் விழ முதல் ஒரு குச்சி விழும். நான் நிமிர்ந்து பார்ப்பேன். முன்னால் வெயில் மட்டும் இருக்கும். அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. சொன்னால் என்னை மடுவுக்குக் கூட்டிக்கொண்டு போய் மாதாவின் காலடியில் இருத்தி மந்திரிக்க வைத்திருப்பாள்.

பெரியவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். சிலர் கடல் தொழிலோடு கிடந்தார்கள், சிலர் படகேறி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போனார்கள், மாஸ்டர் காலமானார், என் முழங்கால் போனது. பாண்ட் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைக்கு வந்தது. யூட்டை ஒருநாளும் காணாத பிள்ளைகள். ஆனாலும் அந்த இடத்தில் மட்டும் ஒருவரும் நிற்கவில்லை. ‘அது அண்ணா நிக்கிற இடம்’ என்று ஒரு பிள்ளை மற்றதுக்குச் சொல்லிக் கொடுத்தது. குச்சி கைதவறி அந்த இடத்தில் விழுந்தால், “சொறி அண்ணா” என்று மன்னிப்புக் கேட்டுத்தான் எடுப்பார்கள். உன்னையும் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் நிறுத்தினார்கள், தங்கச்சி என்று. நீ அப்போது ஒன்றும் சொல்லவில்லை. போன மாதம்தான் சொன்னாய்: “அப்பா, சின்னதுகள் அந்த இடத்துக்குப் பயப்பிடுதுகள். அண்ணாவப் பேயாக்கிப் போட்டம்.” நான் அன்றைக்குத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனேன்.

சரி, நேற்று. உயரமான பிள்ளை புவனா. தொப்பி வேறு அவளுக்குப் பெரிது, காதுவரை மூடி நின்றது. எனக்குப் பின்பக்கம்தான் தெரிந்தது. அந்தத் தொப்பிக்குக் கீழே மெல்லிய கழுத்து. என் முழங்கால் நோ எனக்கு மறந்துபோயிற்று. மகன் வந்துவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன், மகள். ஒரு மூச்சு இழுக்கிற நேரம். அந்த நேரத்துக்குள் கதிரையைத் தள்ளிவிட்டு நான் பாதி மைதானம் நடந்துவிட்டேன். பிறகு அவள் திரும்பினாள். எனக்கு வந்த ஆத்திரம் அந்தப் பிள்ளை மேல் வந்ததல்ல. ஆனால் அவள்தான் எதிரே நின்றாள்.

“ஆர் உன்ன அங்க நிக்கச் சொன்னது? பேரென்ன உனக்கு?” என்று கத்தினேன். பாண்ட் நின்றது. ஆமிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை ட்றம் குச்சிகளை இறுக்கிப் பிடித்தாள். பாப்பாமோட்டையில் இருந்து படிக்க வந்து சித்தி வீட்டில் நிற்கிற பிள்ளை. தாய் தகப்பன் மலைநாட்டில் இருந்து வந்து கூலிக்குப் போகிறவர்கள். நம் ஊர்ச் சண்டை சச்சரவு ஒன்றும் அறியாதவள். “புவனா, தாத்தா. மிஸ்தான் நிக்கச் சொன்னாங்க. நான் வேணும்னா வெளிய போயிடுறேன்,” என்றாள். சொல்லிக்கொண்டே ட்றம்மோடு ஒரு அடி முன்னால் வந்து நேராக நின்றாள்.

அந்த ஒரு அடிதான் என்னை உடைத்தது. நீ ஓடிவந்து, “அப்பா, பிள்ளைய விடுங்கோ!” என்று சத்தம் போட்டாய். உன் சத்தத்துக்குப் பயந்தோ, ஊர் பார்க்கிறதே என்று வெட்கப்பட்டோ நான் மைதானத்தை விட்டுப் போனதாக நினைத்துவிடாதே. அவள் முன்னால் வைத்த அந்தக் காலைப் பார்த்துத்தான் போனேன். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகும் அந்தக் கால்தான் கண்ணுக்குள் நின்றது. ஏன் என்று இப்போது சொல்கிறேன். நீ அந்த நேரம் பாலர் வகுப்பு. அண்ணாவை ரோட்டில் வைத்துப் பிடித்தார்கள் என்று உனக்குச் சொல்லி வைத்தோம். ரோட்டில் இல்லை. கோயில் முற்றத்தில், பாண்ட் முழுக்க நிற்க, என் கண்ணுக்கு முன்னால்.

பெருநாள் வேஸ்பருக்கு, அந்த மாலைச் செபத்துக்கு, முதல் நாள் பின்னேரம். கடைசி ஒத்திகை. ஊர்வலம் போகிற பாதை முழுக்க ஒருமுறை நடந்துவிட்டு முற்றத்தில் வந்து நின்றோம். “ஹால்ட்” சொல்லியாயிற்று. எல்லாரும் விறைத்து நிற்கிறோம். அப்போது ஒரு வான் வந்து மதிலோரம் நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். சாதாரண உடுப்பு, செருப்பு. ஒருவன் சாரம்கூட உடுத்திருந்தான். மற்றவர்களுக்கு அவர்கள் யாரோ பெருநாளுக்கு வந்த ஆட்கள். எனக்கு அப்படி இல்லை. எத்தனை வருஷம் பெரிய ட்றம் அடித்தவன் நான். இடக்கால் விழுகிற நேரம்தான் என் அடி விழவேண்டும், அதனால் எங்கே போனாலும் என் கண் ஆட்களின் காலில்தான் போகும். அந்த மூன்று பேருக்கும் இடக்கால் ஒன்றாக விழுந்தது. பேசிக்கொண்டுதான் வந்தார்கள், அவர்களுக்கே அது தெரியவில்லை. எங்கேயோ ஒரு மைதானத்தில் யாரோ பழக்கிய கால்கள். எந்த மைதானம், யார் பழக்கினார் என்று காலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த நாளில் இந்தக் கரையில் துவக்குத் தூக்கிய எல்லாத் தரப்பும் ஒரே மாதிரித்தான் நடந்தது.

“இதில யூட் ஆர்?” என்று ஒருவன் கேட்டான். நல்ல தமிழ். அந்த நாட்களில் தெரியாத ஆள் வந்து பேர் கேட்டால் பச்சைப் பிள்ளைகூடத் ‘தெரியாது’ என்றுதான் சொல்லும். தாய்மார் பால் கொடுக்கும்போதே அதைச் சொல்லிக் கொடுத்த காலம். ஆனால் பாண்டில் வேறு பழக்கம். “பேரக் கூப்பிட்டா ஓமெண்டு சொல்லி ஒரு அடி முன்னுக்கு வரவேணும். பதுங்கிறவன் பாண்டுக்கு உதவான்,” என்று மாஸ்டர் எல்லாருக்கும் அடித்து அடித்துப் பழக்கியிருந்தார். பேர் கூப்பிடுவது புதுக் குச்சி கொடுக்கத்தான், பிழை திருத்தத்தான், பெருநாளில் யார் முன்னுக்குப் போவது என்று சொல்லத்தான். வேறு எதற்கும் அந்த முற்றத்தில் பேர் கூப்பிட்டதில்லை. என் பிள்ளை குச்சி இரண்டையும் கக்கத்தில் இடுக்கினான். “ஓம் சேர்,” என்றான். இடக்காலை எடுத்து ஒரு அடி முன்னால் வைத்து, வலக்காலைப் பக்கத்தில் சேர்த்து, நேராக நின்றான். எவ்வளவு வடிவாக நின்றான் தெரியுமா? அந்த நேரத்திலும் என் புத்தியின் ஒரு மூலை ‘திறமாய் வைச்சான் கால’ என்று சொன்னது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பு வரும்.

அவனுடைய ட்றம்மைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தார்கள். “ரெண்டு கதை கேட்டிட்டு விடுறம், பயப்பிடாதேங்கோ,” என்றார்கள். நான் பெரிய ட்றம்மின் வாரைக் கழற்றப் பார்த்தேன். முதுகில் குறுக்காகப் போகிற வார், அந்தக் கொளுக்கியை ஒரு ஆள் பின்னால் நின்றுதான் கழற்றவேண்டும். நான் ட்றம்மோடு ஓடினேன். ட்றம் முழங்காலில் அடித்து விழுந்தேன். நான் எழும்பும்போது வான் தாம்போதிப் பாலத்துப் பக்கம் திரும்பியிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ வளரும்போது கண்டதுதான். முகாம் முகாமாகப் போனது, பொலிசில் முறைப்பாடு, காணாமல்போனவர்களை விசாரிக்க ஆணைக்குழு வந்தபோது அம்மா போய்ப் பேசியது, அவள் இன்னமும் அவனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு முன்னால் நிற்பது. நான் அவளோடு போய் நிற்கவில்லை என்று உனக்கு என்மேல் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. நான் வேறு இடத்தில் நின்றேன். வான் பக்கம் திரும்பிப் போகும்போது அந்த மூன்று பேரில் நடுவில் போனவன் வலக்காலைச் சற்று வெளியே வீசி வைத்தான். முகம் எனக்கு ஞாபகம் இல்லை, அந்தக் கால் ஞாபகம் இருக்கிறது. ஆமி அணிவகுப்பு, பொலிஸ் அணிவகுப்பு, அரசாங்க விழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, எங்கே கால்கள் நடக்குமோ அங்கெல்லாம் போய் ஓரமாக இருந்து கால்களைப் பார்த்தேன். இதுதான் உன் அப்பாவின் பாண்ட் பைத்தியம். அந்தக் காலைக் கண்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னைக் கேட்காதே. எனக்கும் தெரியாது. மேடையில் பிரமுகர்கள் இருந்தார்கள், கொடி பறந்தது, நான் ஒன்றையும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அதனால்தான் நேற்று அந்தப் பிள்ளை பேரைச் சொல்லி ஒரு அடி முன்னால் வந்தபோது எனக்குக் கண் இருண்டது. அந்தப் பழக்கத்தை நீ இன்னமும் சொல்லிக் கொடுக்கிறாய், மகள். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. உனக்கு மாஸ்டரின் மாணவர்கள் சொல்லித் தந்தார்கள், நீ இவர்களுக்குச் சொல்லித் தருகிறாய். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டியவன் நான். இன்றோடு அதை விட்டுவிடு. பேர் கூப்பிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். கூப்பிடுகிறவன் யார், எதற்குக் கூப்பிடுகிறான் என்று திருப்பிக் கேட்கட்டும். இப்போது காலம் நல்லது என்று நீ சொல்வாய். இருக்கட்டும். நல்ல காலத்தில் பழகினால்தான் மற்றக் காலத்தில் வரும். நடை சீராக இல்லை என்று உனக்குப் புள்ளி குறைத்தால், அந்தப் புள்ளியை என் கணக்கில் எழுது.

நேற்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். இடத்தை மூடிவிட்டாள், அண்ணன் என்ற நினைப்பே இல்லாமல் யாரோ ஒரு பிள்ளையை நிறுத்திவிட்டாள் என்று உன்னைத் திட்டினேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைக்கவில்லை. அவள் அழுவாள், நானும் சேர்ந்து அழலாம் என்று எதிர்பார்த்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: “அவன் இவ்வளவு காலமும் நிண்டு நிண்டு களைச்சுப் போயிருப்பானப்பா. கொஞ்சம் குந்தி இருக்கச் சொல்லுங்கோவன்.” படத்தோடு வெயிலில் நிற்கிற பெண்ணுக்குத்தான் நிற்கிறவனின் கால் நோ தெரியும் போலிருக்கிறது. நான் அவனுடைய இடத்தைக் காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையை விறைப்பாக நிற்க வைத்துவிட்டு, பின்னால் நின்று ட்றம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. அன்றைக்கு அந்த முற்றத்தில் பாண்டுக்கு யாரும் ‘டிஸ்மிஸ்’ சொல்லவில்லை. மாஸ்டர் அந்தச் சொல்லைச் சொல்லாமல் ஒருநாளும் எங்களை விட்டதில்லை. மழை கொட்டினாலும் நிரையில் நின்று அதைக் கேட்ட பிறகுதான் கலைவோம். அன்றைக்கு எல்லாரும் அலறி அடித்துக்கொண்டு நாலாபக்கமும் ஓடிவிட்டோம். அடுத்த ஒத்திகையில் மற்ற எல்லாருக்கும் அந்தச் சொல் கிடைத்தது. யூட்டுக்கு மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

இதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். அணிவகுப்பு நாளில் மைதானத்துக்குப் போக முதல் பிள்ளைகளைக் கோயில் முற்றத்துக்குக் கூட்டி வா. ஆமிக்கும் மேடைக்கும் இதில் வேலையில்லை, நாங்கள் மட்டும். அந்த இடத்தை வழமைபோல விட்டு நிரையை நிறுத்து. அம்மாவும் நானும் வருவோம். பெரிய ட்றம் அடிக்கிற பிள்ளையிடம் ட்றம்மை வாங்கி நான் கட்டிக்கொள்வேன். நடக்க ஏலாது, அவன் பின்னால் கொஞ்சம் நிற்க ஏலும். பிறகு நீ முன்னால் நின்று அந்தச் சொல்லைச் சொல்லு. உரக்கச் சொல்லு, நீ மைதானத்தில் எனக்குக் கத்தியதுபோல. அவனுடைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடாதே. கூப்பிட்டால் ஒரு அடி முன்னால் வருவான், அதை இன்னொரு தரம் பார்க்க என்னால் முடியாது. எல்லாரும் கலைந்து, திரும்ப வந்து நிரையில் நிற்கும்போது புவனா நடுவில் நிற்கட்டும். நான் அவளுக்குப் பின்னால் இருந்து அவளுடைய ட்றம் வாரின் கொளுக்கியைச் சரிபார்த்து, முன்பக்கமாகக் கழற்றக்கூடிய மாதிரி மாற்றிக் கொடுப்பேன். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்பேன். தாத்தா என்று கூப்பிட்டதற்குக் கோபம் இல்லை என்றும் சொல்லு.

அண்ணன் செத்துப்போனான் என்று சொல்லச் சொல்கிறேன் என்று நினைத்துக் கலங்காதே. அதை நான் சொல்லமாட்டேன், உன்னையும் சொல்ல விடமாட்டேன், அம்மாவின் கையில் இருக்கிற படத்தைக் கீழே வைக்கவும் சொல்லமாட்டேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அது இல்லை. ஒத்திகை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்பதுதான் அர்த்தம். என்னால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது, மகள், நான் முயன்று பார்த்துவிட்டேன். நீ சொல்லு. உன் அண்ணனை வீட்டுக்கு வரச் சொல்லு.

அப்பா